கூண்டில் நின்ற மூன்றாவது ஆள்

நடுவர் அவர்களே! எதிரணியில் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அருமை நண்பர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கிற தாய்மார்களே!

மனிதனை அதிகம் சாய்ப்பது கையால் செய்கிற குற்றமா, வாயால் செய்கிற குற்றமா? இதுதான் இன்றைய தலைப்பு. வாயால் செய்கிற குற்றமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் கத்தி, அரிவாள், கொலை, கொள்ளை என்று அடுக்கியதில் முன்வரிசைக் குழந்தை அழுதேவிட்டது. (சிரிப்பு) பயப்படாதீர்கள். நானும் ஒரு கொலை வழக்கைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் என் கட்சிக்குச் சாட்சியாக.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த வழக்கில் சிறைக்குப் போனவர்கள் யார் என்று கேட்டால் ‘எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும்’ என்று உடனே பதில் வரும். அவர்களோடு அதே கூண்டில் இன்னொரு திரைப்படக்காரரும் நின்றார். அவர் யார்? நம் கோயம்புத்தூர்க்காரர்! எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. பாகவதர் நடித்து 1943இல் வந்த ‘சிவகவி’யை இயக்கியவர். இந்த ஊரிலேயே பல பேருக்கு இது தெரியாது.

அந்தக் காலத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் கோவைக்கு ரயில் ஏறுவார்கள். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அங்கேதான் எடுக்கப்பட்டது. 1944 அக்டோபரில், தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 45, 46 என்று மூன்று தீபாவளி கண்ட படம் அது. அந்தக் கதாநாயகனுக்கு அப்போது வயது முப்பத்து நான்கு!

இப்போது கதைக்குள் வில்லன் வருகிறான். கையில் கத்தி இல்லை, பேனா. சி.என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றொரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவந்தார். எழுதாமல் இருப்பதற்கும் பணம் வாங்கினார் என்று அன்றைக்கே குற்றச்சாட்டு இருந்தது. பொறுக்க முடியாத கலைஞர்கள் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகை நின்றது. மனிதர் விட்டாரா? ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையைக் கைப்பற்றி, பழைய வேலையைப் புதுப் பெயரில் தொடங்கினார்.

வாங்கிப் படித்தது யார்? நாம்தான்! ‘சே, என்ன பத்திரிகை இது!’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தோம். (கைதட்டல்)

1944 நவம்பர் 8. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர் போனது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதியது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அவரைக் கொன்றது கொலைதான். அதற்கு இந்த மேடையில் நியாயம் கற்பிக்க மாட்டேன்.

டிசம்பரில் பாகவதர், கலைவாணர், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். கையால் குத்தினார்கள் என்று அவர்கள்மீது வழக்கு இல்லை. சதிக்கு உடந்தை என்று வழக்கு. அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம் வழக்கின் முக்கியமான தூண். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளோடு விசாரணை. 1945 மே மாதம் தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை.

நினைத்துப் பாருங்கள். பிராட்வே தியேட்டரில் திரைக்குள்ளே பாகவதர் பாடிக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் டிக்கெட் வாங்க முண்டியடிக்கிறார்கள். பாடியவரோ சிறைக்கம்பிக்குப் பின்னால்! அந்தப் பக்கம் டி.ஏ. மதுரம் அம்மையார், கணவரின் நாடகக் குழு கலைந்துபோகாமல் கட்டிக்காத்து, வழக்குக்கும் அலைகிறார். மேல்முறையீடு தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். மறுபடி விசாரியுங்கள் என்று அங்கிருந்து வழக்கு திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

எதிரணி நண்பர் கேட்பார்: ‘அதான் விடுதலை ஆகிட்டாங்களே, அப்புறம் என்னங்க?’

அப்புறம்தான் ஐயா விஷயமே இருக்கிறது! நீதிமன்றம் சிறைக்கதவைத் திறக்கலாம். போன பேரை மீட்டுக் கொடுக்க எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? வெளியே வந்த பாகவதர் ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ என்று நடித்தார். பழைய வெற்றி ஒன்றுக்கும் வாய்க்கவில்லை. ஜனங்களின் ரசனை மாறியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் தெய்வமாக வைத்துப் பார்த்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ‘கொலை வழக்கு’ என்று ஒரு வார்த்தை குறுக்கே வந்து நின்றதே! 1959 நவம்பர் முதல் தேதி கண்ணை மூடினார். ஐம்பது வயது நிறையவில்லை. கலைவாணர் அதற்கு முன்பே, 1957இல் போய்விட்டார்.

சரி, நம்ம ஊர்க்காரர் என்ன ஆனார்? கோவைக்குத் திரும்பினார். பட்சிராஜா ஸ்டூடியோவை வளர்த்தார். 1954இல் ஒரு படம் எடுத்தார். கதை நாமக்கல் கவிஞர், வசனம் கலைஞர், நாயகன் எம்.ஜி.ஆர். ஆமாம், ‘மலைக்கள்ளன்’! குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று, தமிழோடு சேர்த்து ஆறு மொழியில் ஓடியது. இந்தியில் ‘ஆசாத்’, திலீப் குமார் நடித்தார்.

அந்தக் கதை என்ன? ஊரே கள்ளன் என்று சொல்கிற ஒருவன், உண்மையில் நல்லவன்! கொலை வழக்கில் கூண்டு ஏறி இறங்கிய மனிதர், ஆறு மொழியில் சொன்ன கதை இது. (பலத்த கைதட்டல்)

அவர் எழுந்தார், பாகவதர் ஏன் எழவில்லை? நாயுடுவின் தொழில் கேமராவுக்குப் பின்னால். பாகவதரின் தொழிலுக்கு முதலே முகமும் பேரும்தான். பேரை முதலாகப் போட்டவனுக்குப் பழிச்சொல் பட்டால் முதலே போய்விடுகிறது.

நடிகரை விடுங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் முதல் அதுதானே? கொங்கு நாட்டில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருவார்கள். ‘ஏனுங்க, அந்தக் குடும்பம் எப்படிங்க?’ பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார். ‘ம்ம்ம்... இருக்காங்க’ என்று இழுப்பார். அவ்வளவுதான்! அந்த இழுப்பிலேயே சம்பந்தம் முறிந்துவிடும். அதற்கு எப்.ஐ.ஆர். உண்டா? அப்பீல் உண்டா? பிரிவி கவுன்சில் உண்டா?

வள்ளுவர் கொலைக்கு எதிராக ஓர் அதிகாரம் வைத்தார். அதோடு விடாமல் புறங்கூறாமைக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தாரே, ஏன்? கத்தி ஓரிடத்தில் ஓர் ஆளைக் குத்தும். சொல் அப்படி நிற்பதில்லை. வேப்பேரியில் கத்தி சாய்த்தது ஒருவரை. அதற்கு முன்னும் பின்னும் வார்த்தை சாய்த்தவர்களை எண்ண நம்மிடம் விரல் போதாது.

இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றுங்கள். ஒரு குடும்பம் பிழைக்கும்.

ஆகவே, மனிதனை அதிகம் சாய்ப்பது வாயால் செய்கிற குற்றமே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் நடுவர் அவர்களே.