எச்சரிக்கை ஏட்டிலேயே இருந்தது

ரசாயன ஆலையில் விபத்து நடந்ததும் 'யாரும் எதிர்பாராதது' என்று சொல்லிவிடுவது வழக்கம். வரலாறு இதற்குச் சான்று தரவில்லை. எதனோடு எது சேர்ந்தால் வெடிக்கும், எதில் நீர் பட்டால் கொதிக்கும், எது தேங்கிக் கிடந்தாலே சூடேறும் என்பதெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தொகுக்கப்பட்டு வருகின்றன. பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் வேதியியலாளர் லெஸ்லி பிரெதரிக் 1975-ல் வெளியிட்ட கையேடு இத்துறையின் அடிப்படை நூல். அதில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனிப் பதிவு உண்டு. அது எந்தெந்தப் பொருளோடு சேர்ந்தபோது என்ன நேர்ந்தது, அச்செய்தி எந்த ஆய்விதழில் வந்தது என்பதெல்லாம் அதன்கீழ் வரும். பலர் ஆய்வகங்களில் காயப்பட்டுக் கற்ற பாடங்கள் அந்தப் பக்கங்களில் சேர்ந்திருக்கின்றன. அவருக்குப் பின் பீட்டர் அர்பன் பொறுப்பேற்க, நூல் பல பதிப்புகள் கண்டது. ஆகவே, குறை பெரும்பாலும் அறிவில் இல்லை. அந்த அறிவு ஆலைத் தளத்துக்குப் போய்ச் சேராததில்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

போபால் இதற்குப் பெரிய சான்று. மெத்தில் ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து வெப்பத்தைக் கக்கும் என்பதை யூனியன் கார்பைடு விபத்துக்கு முன்பே தன் கையேடுகளில் பதிந்திருந்தது. அதைக் குளிரூட்டியே வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்த விதி. ஆனால் 1984-ன் நடுவிலேயே குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 2 இரவு, சுமார் 40 டன் திரவம் இருந்த 610-ஆம் எண் தொட்டிக்குள் நீர் புகுந்தது. வெப்பமும் அழுத்தமும் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து நச்சுவாயு ஊருக்குள் பரவியது. நாசவேலையால்தான் நீர் புகுந்தது என்பது நிறுவனத்தின் வாதம். அதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், குளிரூட்டியை நிறுத்தியதும், கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயைக் கழற்றிப் போட்டதும் யாருடைய நாசவேலை? நீரின் ஆபத்தை எழுதி வைத்தவர்களே அதற்கான காப்புகளை முடக்கினார்கள்.

சேர்மங்கள் லட்சக்கணக்கில் இருக்க, எல்லாக் கலவைகளையும் எந்த நூலில் அடக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2007-ல் புளோரிடாவின் டி2 ஆலையில் நால்வரைக் கொன்ற வெடிப்பில், குளிரூட்டல் தவறி வெப்பம் ஏறியபின் சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையே நேர்ந்த இரண்டாம் வினையை உரிமையாளர்கள் அறிந்திருக்கவில்லை. நூலைப் புரட்டுவதோடு நிற்காமல் சோதனையும் செய்தாக வேண்டும் என்பது அதன் பாடம். ஆனாலும் பொதுநிலை வேறு. அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், 1980 முதல் 2001 வரையிலான 167 விபத்துகளை ஆராய்ந்து 2002-ல் அறிக்கை தந்தது. அவற்றில் 108 பேர் இறந்திருந்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டு விபத்துகளின் ஆபத்து, யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய நூல்களிலும் இதழ்களிலும் முன்பே பதிவாகியிருந்தது.

போபாலுக்குப் பின் இந்தியாவில் சட்டம் மாறாமலில்லை. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்துகளைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பது கடமையானது. 1989-ன் அபாயகர ரசாயன விதிகள் பாதுகாப்புத் தகவல் தாளைக் கட்டாயமாக்கின. ஆனால் அந்தத் தாள் ஆங்கிலத்தில், மேலாளர் அறை அலமாரியில் கிடந்தால் வால்வைத் திருப்பும் தொழிலாளிக்கு என்ன பயன்? தொட்டியருகே, அவருக்குப் புரியும் தமிழில், 'இதனோடு நீர் சேரக் கூடாது, சேர்ந்தால் இன்னது நடக்கும்' என்று எழுதி ஒட்டப் பெரிய செலவாகாது. ஆலை நடத்துவோர் இதைச் செய்ய வேண்டும். ஆய்வாளர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.