கல்மூங்கில்: புல்லா, மரமா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் தொழிற்சாலைகளுக்கிடையே இன்றும் நீங்கள் மூங்கிலைக் காணலாம். வெள்ளையடிப்போரின் ஏணி மூங்கில். கடை முன் நிற்கும் தட்டியும் மூங்கில். ஆனால் ஏரிகளும் பனைகளும் நிறைந்த இச்சமவெளி மூங்கிலின் தாயகமன்று. மேற்கே ஜவ்வாது மலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட இலையுதிர் காடுகளில்தான் கல்மூங்கில் இயற்கையாக வளர்கிறது.

பெரும்பாலான மூங்கில்கள் உட்புறம் குழலாக இருக்கும். வறண்ட நிலத்துக் கல்மூங்கிலோ பெயருக்கேற்ப ஏறக்குறையக் கெட்டியானது. ஈரம் மிகுந்த இடத்தில் வளர்ந்தால் இதிலும் உட்துளை காணப்படும். இது 8 முதல் 16 மீட்டர் வரை உயரும், 2.5 முதல் 8 சென்டிமீட்டர் வரை பருக்கும். உறுதி மிக்கதாதலால் ஈட்டிக் காம்புக்கும் கைத்தடிக்கும் இதையே தேடினர்.

வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவர இயல் அறிஞர் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதை 1798-இல் விவரித்தார். இன்று இதன் விஞ்ஞானப் பெயர் டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். டெண்ட்ரோகலாமஸ் என்றால் கிரேக்க மொழியில் 'மர நாணல்' என்று பொருள். பெயரிலேயே ஐயம் இருக்கிறதல்லவா?

தொல்காப்பியம் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. வெளிப்புறம் வயிரம் உடையது புல். உட்புறம் வயிரம் உடையது மரம். உள்ளும் கெட்டியான கல்மூங்கிலை எதில் சேர்ப்பது? அதிலும் நார்க்கற்றைகள் ஓரத்தில்தான் நெருக்கமாக உள்ளன, ஆகவே புல்லே. விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. மரத்தைப் போல் இது ஆண்டுதோறும் பருப்பதில்லை. முளை எந்தப் பருமனில் வெளிவருகிறதோ, அதே பருமனில் சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, நெல்லைப்போல் மணி ஈன்று, புதர் முழுதும் மடியும். அந்த மணியே மூங்கிலரிசி.

ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்றது. இந்த ஒரு சொல்லின் விளைவு சிறிதன்று. தம் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பல மாநிலங்களில் உழவர்கள் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது. கூடை முடைவோருக்கும் இதனால் இடர்ப்பாடே. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என ஏற்று, காட்டில் வாழ்வோர்க்கு அதைச் சேகரித்து விற்கும் உரிமை தந்தது. 2017-இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, மரங்களின் பட்டியலிலிருந்து மூங்கில் நீங்கியது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு இவ்வாறு விடுதலை கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அடுத்த முறை ஒரு மூங்கில் ஏணியைக் கண்டால், அறுத்த நுனியை உற்று நோக்குங்கள். கரும்புள்ளிகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்கும். அப்புள்ளிகளே அது புல் என்பதற்குச் சான்று.