முட்டி தரையைத் தொட்ட கதை

பைக் பையன்கள் ஒருவரையொருவர் எடைபோட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பின்டயரின் ஓரத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அங்கே தேயாத பட்டை ஒரு விரற்கடைக்கு இருந்துவிட்டால் அதற்குச் ‘சிக்கன் ஸ்ட்ரிப்’ என்று பெயர். வளைவில் வண்டியைச் சாய்க்க ஆள் பயப்படுகிறான் என்று அர்த்தம். அந்த அவமானத்துக்கு அஞ்சி உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு என்று கேள்வி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி பிரிக்கிற கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். டயரைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்வேன். ஓட்டுகிறவனின் தைரியத்தைச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் வளைவில் முட்டியை வெளியே நீட்டும் வித்தை, வண்டியை அதிகமாகச் சாய்ப்பதற்காகப் பிறந்ததல்ல. குறைவாகச் சாய்ப்பதற்காகப் பிறந்தது.

மான் தீவில் டி.டி. பைக் பந்தயம் 1907-இல் தொடங்கியது. அப்போதிலிருந்து அறுபது வருஷத்துக்கு மேல் பெரும்பாலான வீரர்கள் இரு முட்டிகளையும் பெட்ரோல் டேங்கில் ஒட்டவைத்துக்கொண்டுதான் திரும்பினார்கள். 1950-இல் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் நார்ட்டன் கம்பெனிக்கு ‘ஃபெதர்பெட்’ என்ற சட்டத்தைச் செய்து கொடுத்தார்கள். வளைவில் நெளியாத சட்டம் அது. அதில் அமர்ந்து பெயர் வாங்கிய ஜெஃப் டியூக் ஆறு முறை உலக சாம்பியன். காற்றில் படபடக்காமல் உடம்போடு ஒட்டிய ஒற்றைத் தோல் உடையைத் தன் தையல்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டவரும் அவரே. டியூக்கின் பழைய படங்களைப் பாருங்கள். வண்டி சாய்ந்திருக்கும், அவரும் அதே கோட்டில், வண்டியின் இன்னொரு உறுப்பைப் போலச் சாய்ந்திருப்பார். முட்டி வெளியே வந்தால் அது நாகரிகமில்லாத ஓட்டம். தீவின் சாலைகளில் இரு பக்கமும் கல்சுவர் வேறு. வெளியே நீட்டியதைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.

அந்த ஒழுங்கு அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் ஒல்லி டயர்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும்தான் முதலில் நிர்ணயிக்கின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 62 கிலோமீட்டரில் எடுத்தால் சாய்வு 45 டிகிரி. அதே வளைவை 87-இல் எடுக்க 63 டிகிரி வேண்டும். ஓட்டுகிறவன் குண்டா, ஒல்லியா, வீரனா, கோழையா என்பது இந்தக் கணக்கில் வராது. ஆனால் இது கத்தி விளிம்பு போன்ற டயருக்கான கணக்கு. டயர் அகலமாக ஆக, சாயும்போது அது தரையைத் தொடும் இடம் உள்பக்கமாக நகர்ந்துவிடும். அதை ஈடுகட்ட வண்டி இன்னும் சாய வேண்டும். 1970களில் ரேஸ் வண்டிகளின் குதிரைத்திறன் ஏறியது, டயரும் பருத்தது. டியூக்கைப் போலவே உட்கார்ந்தால் சைலன்சரும் ஃபுட்ரெஸ்டும் தரையில் இடித்து வண்டியைத் தூக்கிப் போடும் நிலை வந்தது. வண்டியைச் சாய்க்க இடமில்லை என்றால் உடம்பை உள்ளே இறக்கு. எடை உள்பக்கம் போனால் அதே வேகத்துக்கு வண்டி சில டிகிரி நிமிர்ந்தே ஓடும். முட்டி வெளியே வந்தது இந்த அவசியத்தால்.

இதைக் கண்ணுக்கு விருந்தாகச் செய்து காட்டியவர் பின்லாந்துக்காரர் யார்னோ சாரினன். உறைந்த ஏரியில் பனிப் பந்தயம் ஓட்டி வளர்ந்தவர். இயந்திரவியல் படித்தவர். சக்கரம் வழுக்குவது விபத்தின் தொடக்கம் என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், அவருக்கு அது பிறந்த ஊர்ப் பழக்கம். ஹேண்டில்பாரைச் செங்குத்தாகக் கீழே இறக்கி வைத்து, உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டு, முட்டியை விரித்துத் திரும்புவார். 1972-இல் யமஹாவில் 250 சிசி உலக சாம்பியன். அடுத்த வருஷம் அமெரிக்கா போய், பெரிய எஞ்சின்களுக்கு நடுவே வெறும் 350 சிசி வண்டியில் டேடோனா 200 பந்தயத்தை வென்றார். அதே 1973 மே 20-ஆம் தேதி இத்தாலியின் மோன்சாவில், முதல் சுற்றின் முதல் பெரிய வளைவில் நடந்த கூட்டு விபத்தில் இறந்துபோனார். ரென்சோ பாசோலினியும் அதில் போனார். சாரினனுக்கு அப்போது வயது 27.

ஆனால் பாடம் அதற்குள் கைமாறிவிட்டது. 1972-இல் கலிபோர்னியாவின் ஒன்டாரியோ டிராக்கில் சாரினன் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கென்னி ராபர்ட்ஸ். மொடெஸ்டோ ஊர்க்காரர், மண் டிராக்கில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகிற பரம்பரை. சாரினனின் உட்காரும் முறையும் மண் டிராக்கின் ஆக்ஸிலரேட்டர் கையும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. முட்டி நிஜமாகவே தரையைத் தொட ஆரம்பித்தது. தோல் உடை கிழிந்ததால் முட்டியில் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டார். இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் முட்டி ஸ்லைடருக்கு முன்னோர் அந்த டேப் சுருள்தான். தரையைத் தொட்ட முட்டி அவருக்கு அளவுகோலாகவும் ஆனது. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்து யூகிக்க வேண்டியதில்லை, முட்டியே சொல்லிவிடும். 1978, 79, 80 என்று மூன்று வருஷம் தொடர்ந்து 500 சிசி பட்டம் அவருக்கே. ஐரோப்பாக்காரர்கள் முதலில் சிரித்து, பிறகு கற்றுக்கொண்டார்கள்.

இந்த மாற்றமெல்லாம் நடக்கும்போது நம் ஊரில் என்ன நடந்தது? சோழவரத்தில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை அது, கல்கத்தா சாலையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அவர்கள் அந்த ஓடுபாதையை டிராக்காக்கி 1980களின் கடைசி வரை ஓட்டினார்கள். அண்ணன் அழைத்துப்போய் நானும் பார்த்திருக்கிறேன். பந்தய எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயில் ஆமணக்கு வாசனை அடிக்கும்; மைதானம் பூராவும் அதுதான். ஜாவா, எஸ்டி, புல்லட், பிற்பாடு எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் இறக்கிய ராஜ்தூத் 350. ஜப்பானில் இதன் மூல வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே வந்தது டிரம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் காட்டுகிற வேகத்தை அந்த டிரம் அடக்க வேண்டும் என்றால் பிரேக்கை எங்கே பிடிப்பது என்பதே பெரிய கல்வி.

சோழவரத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. விமானம் ஏறி இறங்கப் போட்ட பாதையில் நேர்பாதைதான் பிரதானம். ஜெயித்தது பெரும்பாலும் எஞ்சின் வேலை. சிலிண்டர் போர்ட்டை எவன் நன்றாகத் தேய்த்தான், எவன் கடைசி வினாடியில் பிரேக் பிடித்தான் என்பதுதான் மறுநாள் டீக்கடைப் பேச்சு. வளைவில் எங்கே பார்க்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை எப்போது திறக்க வேண்டும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. மெக்கானிக்குகளில் மேதைகள் இருந்தார்கள். வளைவுக்கு ஆசிரியர் இல்லை. ‘அவனுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

1990-இல் அதே கிளப் பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் டிராக்கைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். பந்தயத்துக்கென்றே போட்ட வளைவுகள். ஒன்று வேகமாகத் திறக்கும், ஒன்று ஏமாற்றி இறுகும். எஞ்சின் பலத்தை வைத்து மட்டும் இங்கே பிழைக்க முடியாது. 2011-இல் 125 சிசி உலகப் பந்தயத்தில் சென்னையின் சரத்குமார் இறங்கியதற்கு இப்படி ஒரு டிராக் இருந்தது அவசியம் என்பது என் கட்சி.

வளைவைப் பாடமாக்கிய மனிதர் ஒருவர் இதற்கிடையில் கலிபோர்னியாவில் இருந்தார். கீத் கோட், 1980-இல் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கியவர். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது கவனத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் கவனம் மொத்தம் பத்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் பயத்துக்கே ஏழு டாலர் போய்விட்டால் கோடு, பிரேக், கியர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் மூன்று. ஒவ்வொரு வேலையையும் பழக்கமாக்கினால் அதற்கு ஆகும் செலவு குறையும். தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது மிஞ்சுகிற சில்லறை. பயந்தவன் உடம்பு தானாகச் செய்யும் காரியங்களையும் அவர் வரிசைப்படுத்தினார்: ஆக்ஸிலரேட்டரை மூடும், ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும், எதில் மோதக் கூடாதோ அதையே வெறித்துப் பார்க்கும். மூன்றுமே வண்டியை அகலமாக வெளியே தள்ளும். ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை திறந்தால் வளைவு முடியும் வரை சீராகத் திறந்துகொண்டே போ என்பது அவருடைய முதல் விதி. அப்போதுதான் எடை முன்னால் 40, பின்னால் 60 என்று பங்காகி டயர்கள் தரையைப் பிடிக்கும்.

இன்னொரு காரியமும் செய்தார். ஒரு பைக்கில் திரும்பாதபடி சட்டத்தோடு இறுக்கிய இரண்டாவது ஹேண்டில்பாரைப் பொருத்தினார். உடம்பை வளைத்தே வண்டியைத் திருப்புகிறேன் என்று சொன்னவர்களை அதைப் பிடித்துக்கொண்டு திருப்பச் சொன்னார். உடம்பை எப்படி வளைத்தாலும் வண்டி லேசாக விலகும், அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். வேகத்தில் வேறு வழியில்லை. சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் போகும், வண்டி இந்தப் பக்கம் சாயும். இது கோட் கண்டுபிடித்ததல்ல. 1869-லேயே ஸ்காட்லாந்து பொறியாளர் ரேங்கின் கட்டுரையாக எழுதிவிட்டார். சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் எத்தனையோ சைக்கிள்காரர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டு, யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று கண்டவர். எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள், தெரியாமல். தெரிந்து செய்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

2010-ஐ ஒட்டி அந்தப் பள்ளியே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு நடத்தியது. அதற்கு ஈராண்டு முன்னால், 2008-இல் யமஹா ஆர்15 இறங்கியிருந்தது. டெல்டாபாக்ஸ் சட்டம், தாழ்ந்த ஹேண்டில்பார், 149 சிசி. முதல் வண்டியின் பின்டயர் அகலம் 100 மில்லிமீட்டர்தான். பையன்கள் பார்வைக்குப் போதவில்லை என்று முணுமுணுத்தார்கள். 2011-இல் வந்த அடுத்த வண்டியில் 130 ஆனது. மேலே சொன்ன கணக்குப்படி ஒல்லி டயர் வண்டிதான் திரும்ப இலகுவானது. ஆனால் கடையில் நின்று பார்ப்பவன் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வண்டியில்தான் சம்பளக்காரப் பையன்கள் முதன்முதலாக முட்டி தேய்த்தார்கள், பலர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில். அங்கே திருப்பத்துக்கு அந்தப் பக்கம் சரளையோ, அரசுப் பேருந்தோ, மேயப்போன மாடோ இருக்கலாம். வலப்பக்கத் திருப்பத்தில் முட்டியை நீட்டினால் உடம்பு மையக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மலைச்சாலைக்கு இன்றும் டியூக்கின் உட்காரும் முறைதான் பொருத்தம் என்பேன். கேட்பார் இல்லை.

இப்போது மோட்டோ ஜிபியில் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறார்கள். முட்டியைத் தாண்டி முழங்கையும் தேய்கிறது. 2013-இல் பாஷ் நிறுவனம் கேடிஎம் 1190 அட்வென்சரில் பொருத்திக் கொடுத்த ஏற்பாட்டில், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சென்சார் அறிந்து அதற்கேற்ப பிரேக்கை அளந்து விடும். இப்போது சாய்வைத் திரையிலேயே காட்டும் வண்டிகள் வந்துவிட்டன. போன மாதம் என் பட்டறைக்குச் செயின் இறுக்க வந்த ஒரு பையன், “52 டிகிரி அண்ணா!” என்று வண்டித் திரையைக் காட்டினான். எந்த வளைவு, என்ன வேகம் என்று கேட்டேன். சொன்னான். “அதே வளைவு, அதே வேகம். உடம்பை உள்ளே இறக்கி 48-இல் எடுத்துக்கொண்டு வா தம்பி, அப்புறம் பார்ப்போம்” என்றேன். செயினுக்குக் கூலி கொடுத்துவிட்டு, ஒன்றும் புரியாத முகத்தோடு போனான்.