எந்த டீயில் நிற்பது? ஓர் அட்டவணைக்கு விளக்கவுரை

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம் டீ. ஒரே குழிக்கு முன்னும் பின்னுமாக நாலைந்து டீக்கள் இருக்கும். எதிலிருந்து ஆடுவது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்துகொள்ள வேண்டும். பின்னால் போகப் போக மைதானம் நீளும், கௌரவமும் கூடும் என்ற நினைப்பு எங்கும் உண்டு. இந்த நினைப்பை மாற்றத்தான் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.வும் அமெரிக்க பி.ஜி.ஏ.வும் 2011 ஜூலையில் ‘டீ இட் ஃபார்வர்ட்’ (முன் டீக்கு வந்து ஆடு) இயக்கத்தைத் தொடங்கின. யோசனை ஆடம்ஸ் கோல்ஃப் நிறுவனர் பார்னி ஆடம்ஸுடையது. அந்த இயக்கத்தின் சிறு அட்டவணையே இங்கு மூலம். எல்லாக் கணக்கும் யார்டில்.

மூலம்

சராசரி டிரைவ் – 18 குழிகளின் மொத்த நீளம்
300 (தொழில்முறை ஆட்டக்காரர்) – 7,150 முதல் 7,400
275 – 6,700 முதல் 6,900
250 – 6,200 முதல் 6,400
225 – 5,800 முதல் 6,000
200 – 5,200 முதல் 5,400
175 – 4,400 முதல் 4,600
150 – 3,500 முதல் 3,700
125 – 2,800 முதல் 3,000
100 – 2,100 முதல் 2,300

உரை

“சராசரி டிரைவ்”

டிரைவ் என்பது டீயிலிருந்து அடிக்கும் நீண்ட முதல் அடி. மூலத்தில் மிகக் கடினமான இடம் இதுதான். பின்காற்றும் காய்ந்த தரையும் சேர்ந்து உருட்டிவிட்ட அந்த ஒரு பந்துதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கும். சராசரி என்றால் கோல் பந்தின் மண்டையில் பட்டு நூறு யார்டில் சோர்ந்ததும், வலப்பக்கம் மரத்துக்குள் வளைந்து போனதும் அதில் சேர்ந்தாக வேண்டும். பிரிட்டனில் ஆர் அண்ட் ஏ என்ற கோல்ஃப் அமைப்பு அமெச்சூர் ஆண்களின் டிரைவ்களை அளந்தபோது 2019-இல் கிடைத்த சராசரி 216 யார்டு. கிளப்பில் விசாரித்துப் பாருங்கள், 250-க்குக் குறைத்துச் சொல்பவர் அரிது.

தன் டிரைவர் கோல் மேல் நம்பிக்கை இல்லாதவருக்கு வேறொரு வழக்குக் கணக்கு இருக்கிறது. 5-ஆம் எண் அயர்ன் கோலால் அடிக்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கினால் அவருக்கேற்ற மொத்த நீளம் கிடைக்கும். 150 அடிப்பவருக்கு 5,400 வரும். மூலத்தில் இது 200 யார்டு வரிசையின் மேல் எல்லை.

“18 குழிகளின் மொத்த நீளம்”

நீலம், வெள்ளை, சிவப்பு என்று டீக்களின் நிறத்தைச் சொல்லாமல் நீளத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு மைதானத்தின் வெள்ளை டீ இன்னொன்றின் நீல டீயைவிட நீளமாக இருக்கலாம். ஸ்கோர்கார்டில் மொத்தம் போட்டிருக்கும் கட்டத்தைப் பார்த்தால் போதும், நிறம் எதுவானாலும் சரி.

“275 – 6,700 முதல் 6,900”, “200 – 5,200 முதல் 5,400”

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மூலத்தின் கருத்து புலப்படும். பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. பார் 72 மைதானத்தில் வழக்கமாக நான்கு பார்-3, பத்து பார்-4, நான்கு பார்-5 குழிகள். மொத்தம் 6,800 என்றால் ஒரு பார்-4 ஏறக்குறைய 395 யார்டு இருக்கும். 5,300 என்றால் 310. 275 அடிப்பவருக்கு முதல் அடிக்குப்பின் மீதி 120; 200 அடிப்பவருக்கு மீதி 110. இருவர் கையிலும் அப்போது இருப்பது குட்டையான கோல். பந்து உயர எழும்பி இறங்கி குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் நிற்கும்.

200 அடிப்பவர் பிடிவாதமாக 6,800-க்குப் போனால் மீதி 195. நன்றாகப் பட்டாலும் நீளமான கோலான ஃபேர்வே வுட்தான் எடுக்க வேண்டும். பந்து தாழ்வாகப் பறக்கும். முன்னாலிருக்கும் மணல்குழியான பங்கரைத் தாண்டினால் கிரீனையும் தாண்டி ஓடும். அட்டவணை சமமாக்குவது ஸ்கோரை அல்ல, இரண்டாவது அடியை.

முன் டீ எளிது என்பதும் பாதி உண்மையே. பின் டீயிலிருந்து 250 யார்டில் ஃபேர்வே எனும் புல்பாதையின் ஓரம் கிடக்கும் பங்கர், 200 அடிப்பவருக்கு முதல் அடியில் இல்லாததற்குச் சமம். 60 யார்டு முன்னால் வந்து நின்றால் அவர் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மைதானத்தை வகுத்தவர் வைத்த கேள்வி அப்போதுதான் அவரை எட்டுகிறது.

“300 (தொழில்முறை ஆட்டக்காரர்)”

இது அறிவுரை அன்று, அளவுகோல். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டம் எத்தனை நீளத்தில் நடக்கிறது என்று காட்டுவதற்காக வைத்தது.

மூலத்தில் இல்லாதவை

ஆண், பெண், வயது என்ற பகுப்பே கிடையாது. ‘லேடீஸ் டீ’, ‘சீனியர் டீ’ என்ற பெயர்களுக்கு இங்கே வேலையில்லை. வட கரோலினாவின் லாங்லீஃப் மைதானம் இதை நடைமுறையாகவே ஆக்கியது. பயிற்சித் திடலில் வண்ணக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அடித்த பந்து எந்தக் கம்பத்தை எட்டுகிறதோ, அதற்குரிய டீயில் ஆடலாம்.

“நண்பர்கள் பின்னால் நிற்க நான் மட்டும் முன்னாலா, போட்டி எப்படி நியாயமாகும்?” என்ற கேள்வி எழும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் தனி மதிப்பீடு உண்டு. ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் குறியீட்டை, அந்த டீயின் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் எண்ணால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, மைதான மதிப்பீட்டுக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். குறியீடு 18 உள்ளவர் ஸ்லோப் 130, மதிப்பீடு 72.5 கொண்ட பின் டீயில் நின்றால் 21 அடி சலுகை. ஸ்லோப் 115, மதிப்பீடு 66.5 கொண்ட முன் டீக்கு வந்தால் 13 தான். பார் இரண்டிலும் 72. முன்னால் வந்தவர் எட்டு அடியை விட்டுக்கொடுத்துவிட்டே வருகிறார்.

“150 – 3,500 முதல் 3,700”, அதன் கீழுள்ள வரிசைகள்

மேல் வரிசைகளை ஆட்டக்காரர் படித்தால் போதும். இவற்றை மைதானக் குழு படிக்க வேண்டும். மைதானங்களை மதிப்பிடும்போது யு.எஸ்.ஜி.ஏ. ‘போகி’ (சராசரித் திறனுள்ள) பெண் ஆட்டக்காரராக எடுத்துக்கொள்வது 150 யார்டு டிரைவ் அடிப்பவரை. ஆனால் பல மைதானங்களில் மிக முன்னாலுள்ள டீயே 5,000 யார்டை ஒட்டி நிற்கிறது. அதே விகிதத்தில் 300 அடிக்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு 10,000 யார்டு மைதானம் வேண்டியிருக்கும். 2017 அமெரிக்க ஓபனில் எரின் ஹில்ஸ் மைதானத்தின் முதல் சுற்று 7,845 யார்டு. அந்தப் போட்டி வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீளம் இருந்ததில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரிடமும் கேட்காத ஒன்றை வார இறுதியில் ஆட வரும் பெண்ணிடம் கேட்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய கட்டுமானம் தேவையில்லை. ஃபேர்வேயில் சமதளமான ஓரிடம் பார்த்து, இரண்டு அடையாளக் குறிகளை வைத்து, அந்த நீளத்தை ஸ்கோர்கார்டில் ஒரு வரியாகச் சேர்த்து, மதிப்பீடும் வாங்கிவிட்டால் போதும். அது வரும்வரை 150 யார்டு அடிப்பவருக்கு இந்த அட்டவணையால் பயனில்லை.