நற்சான்றும் பொய்ச்சான்றும்: வீட்டுப் பணியாளர் மீதான 1792ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நல்ல வீடொன்றில் வேலைக்குச் சேர விரும்பியவர், முன்பு வேலை பார்த்த வீட்டின் எசமானரிடமிருந்தோ எசமானியிடமிருந்தோ ஒரு நற்சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது வழக்கம். ‘கேரக்டர்’ என்று அக்காலத்தவர் குறிப்பிட்ட இச்சான்று, பணியாள் அவ்வீட்டில் எவ்வளவு காலம், எந்தப் பொறுப்பில் இருந்தார், கை சுத்தமானவரா, குடிப்பழக்கம் உடையவரா, ஏன் விலகினார் என்பவற்றைச் சொல்லியது. அது இல்லாதவருக்கு நல்ல இடம் கிடைப்பது அரிதாக இருந்தது.

சான்று கேட்கும் பழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1563இல் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், உழவு வேலையாளும் கைவினைஞரும் ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்கு வேலை தேடிப் போகும்போது முறையாக விடுவிக்கப்பட்டதற்கான முத்திரையிட்ட சான்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்றது. போலிச் சான்று காட்டியவர் நாடோடியாகக் கருதப்பட்டுச் சவுக்கடி பெற்றார். ஆயினும் அச்சட்டம் கண்காணிக்க முயன்றது ஊர்விட்டு ஊர் நகரும் உழைப்பையே; வளர்ந்துவரும் லண்டனில், ஒருவரை ஒருவர் அறியாத பெருங்கூட்டத்தின் நடுவே, வாசலில் வந்து நிற்கும் பணியாளின் கடந்த காலத்தை அறிய அது உதவவில்லை. நாவலாசிரியரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங், பார்வையற்ற தம் தம்பி ஜான் ஃபீல்டிங்குடன் சேர்ந்து 1750இல் லண்டனில் திறந்த பதிவு அலுவலகம், பணியாளரின் விவரங்களைப் பதிந்து வைத்து, தேடுவோருக்கு அவர்களைச் சேர்த்துவிட்டது. அதற்கும் நற்சான்றே அடிப்படை.

சான்றுக்கு இத்தனை மதிப்பு இருந்தமையால் போலிச் சான்றுக்கும் ஒரு சந்தை உருவாயிற்று. முன்னாள் எசமானராக நடித்து ஒருவரைப் புகழ்ந்துரைக்க ஆள் கிடைத்தது. இதைத் தடுக்கவே நாடாளுமன்றம் 1792இல் பணியாளர் நற்சான்றுச் சட்டத்தை இயற்றியது. எசமானராக நடித்துச் சான்று கூறுதல், ஒருவர் வேலை பார்த்த காலத்தையோ பொறுப்பையோ விலகிய நாளையோ எழுத்தில் பொய்யாகக் குறித்தல், வேலை பார்க்காத வீட்டில் பார்த்ததாகச் சொல்லி வேலை கேட்டல், உண்மைச் சான்றில் எழுத்தை மாற்றுதல் ஆகியவை குற்றங்களாயின. இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது, முன்பு வேலை பார்த்ததை மறைத்து, இதற்கு முன் எங்கும் பணியமர்ந்ததில்லை என்று சொல்லுதலும் குற்றமாக்கப்பட்டதுதான்; கெட்ட பெயரோடு ஒரு வீட்டை விட்டு வெளியேறியவர் புதிதாகத் தொடங்குவதற்கு இருந்த எளிய வழி அதனால் அடைபட்டது. தண்டம் 20 பவுன். அதில் பாதி குற்றத்தைத் தெரிவித்தவருக்கும் பாதி வட்டாரத்து ஏழைகளுக்கும் போயிற்று. ஒரு சாதாரணப் பணிப்பெண்ணின் ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் 10 பவுனை எட்டாத காலத்தில் இத்தொகையை அவள் கட்டியிருக்க முடியாது; கட்டாதவருக்குக் கடுங்காவல் காத்திருந்தது.

பணியாள் தன் கடந்த காலத்தைப் பற்றி உண்மை சொல்ல வேண்டும் என்பதில் தவறில்லை. ஒரு குடும்பத்தின் குழந்தைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. ஆனால் அதே அளவு உண்மையைப் பணியாளுக்கு அளிக்கும் கடமை எசமானருக்கு விதிக்கப்படவில்லை என்பதே இவ்வரலாற்றின் ஆறாத குறை. நேர்மையான பணியாளைத் திருடர் என்று எழுதுவது இச்சட்டத்தில் தனிக் குற்றமாக இடம்பெறவில்லை. அவதூறு வழக்குத் தொடரலாம் என்றாலும், எசமானர் தீய நோக்கோடு எழுதினார் என்பதை மெய்ப்பித்தாலன்றி வழக்கு நிற்காது என்று 1786இலேயே நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. 1800இல் கென்யன் பிரபு வழங்கிய தீர்ப்போ இன்னும் ஒரு படி மேலே போய், சான்று தருவதற்கே எசமானருக்குச் சட்டக் கடமை எதுவும் இல்லை என்றது. எசமானரின் மௌனம் ஒன்றே பிழைப்பைக் கெடுக்கப் போதுமானதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனின் வீட்டுப் பணியாளர் தொகை 10 லட்சத்தைத் தாண்டியபோது இதன் சுமை பெரும்பாலும் இளம்பெண்கள் மீதே விழுந்தது. கருவுற்றதால் வெளியேற்றப்பட்டவளும், வீட்டு ஆண்களின் தொல்லை தாங்காமல் சொல்லாமல் கிளம்பியவளும் சான்றின்றியே அடுத்த கதவைத் தட்ட வேண்டியிருந்தது. உண்மைக் காரணத்தைச் சொன்னால் வேலை கிடையாது, மறைத்தால் சட்டம் பிடிக்கும் என்ற நிலையில் அவர்களிடம் நேர்மையை எதிர்பார்த்தது கொடுமையே. எழுத்துச் சான்றின் மீது எசமானிகளுக்கும் முழு நம்பிக்கை இருந்ததில்லை. 1861இல் வெளியான பீட்டன் அம்மையாரின் புகழ்பெற்ற இல்லற மேலாண்மை நூல், கடிதத்தை மட்டும் நம்பாமல் முன்னாள் எசமானியை நேரில் கண்டு விசாரிப்பதே மேல் என்று அறிவுறுத்தியது.

பிரான்சில், தொழிலாளி கையில் வைத்திருக்க வேண்டிய பணிப்புத்தகத்தில் எசமானர் அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுதக் கூடாது என்று 1854இல் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இத்தகைய காப்பு வெகுகாலம் வரவில்லை. சான்று எழுதும் முன்னாள் முதலாளி கவனத்தோடு எழுதக் கடமைப்பட்டவர், கவனக்குறைவால் ஊழியருக்கு நேரும் இழப்புக்கு அவர் பொறுப்பாகலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1994இல்தான். 1792ஆம் ஆண்டுச் சட்டம் 2008இல் நீக்கப்பட்டது. சான்று தருவதா வேண்டாமா என்பதை, சில தொழில்கள் நீங்கலாக, அந்நாட்டு முதலாளியே இன்றும் தீர்மானிக்கிறார்.