தலைப்பேன் தொற்று

தலைப்பேன் தொற்று என்பது தலைப்பேன்கள் மனிதரின் தலைமுடியில் தங்கிப் பெருகும் நிலை ஆகும். தலைப்பேன் சிறகற்ற, ஆறு கால்கள் கொண்ட ஒட்டுண்ணிப் பூச்சி. தலைத்தோலிலிருந்து குருதியை உறிஞ்சி வாழ்கின்றது. இதன் முட்டை ஈர் எனப்படும். இத்தொற்று 3 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகின்றது. தூய்மைக் குறைவு இதற்குக் காரணமன்று. தூய்மையான தலைமுடியிலும் பேன் வாழும்.

வாழ்க்கை வட்டம்

வளர்ந்த பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுடையது. பெண் பேன் முடியின் அடிப்பகுதியில் பசை போன்ற பொருளால் ஈர்களை ஒட்டுகின்றது. 7 முதல் 10 நாட்களில் ஈர் பொரித்துப் பேன்குஞ்சு வெளிவரும். அது மூன்று முறை தோலுரித்து, ஏறத்தாழ 9 முதல் 12 நாட்களில் முதிர்ச்சி அடையும். வளர்ந்த பேன் தலையில் ஏறத்தாழ 30 நாட்கள் வாழும். தலையை விட்டு நீங்கினால் ஓரிரு நாட்களில் இறந்துவிடும்.

பரவும் முறை

பேன்களால் பறக்கவோ தாவவோ இயலாது. தலையோடு தலை நேரடியாகப் படும்போதே இவை பெரும்பாலும் பரவுகின்றன. சீப்பு, துண்டு, தொப்பி ஆகியவற்றின் வழியாகப் பரவுவது குறைவு. நாய், பூனை முதலிய விலங்குகளிலிருந்து தலைப்பேன் பரவுவதில்லை.

அறிகுறிகள்

பேனின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பை உண்டாக்குகின்றது. முதல்முறை தொற்றும்போது அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். சொறிவதால் புண் ஏற்பட்டு நுண்ணுயிர்த் தொற்றும் உண்டாகலாம். காதின் பின்புறமும் பிடரியும் ஈர்கள் மிகுதியாகக் காணப்படும் இடங்கள். பொடுகு எளிதில் உதிரும். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும். முடியின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள ஈர்கள் பெரும்பாலும் பொரித்த வெற்றுக்கூடுகளே. உயிருள்ள பேனைக் காண்பதே தொற்றை உறுதி செய்யும்.

வீட்டில் நீக்கும் முறைகள்

ஈர முடியில் வாருதல்: முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, சிறு பகுதிகளாகப் பிரித்து, நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பால் அடியிலிருந்து நுனி வரை வார வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இதனை 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் செய்து, 17ஆம் நாள் மீண்டும் சோதித்தல் நன்று. இடையில் பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிடும் முன்னரே அகற்றப்படுவதால் வட்டம் அறுபடுகின்றது.

மருந்துகள்: 1 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்தைக் கழுவித் துடைத்த முடியில் தடவி, 10 நிமிடங்கள் கழித்துக் கழுவுவர். இம்மருந்து ஈர்களைக் கொல்லாது. ஆகையால் ஏறத்தாழ 9 நாட்களுக்குப் பின் மீண்டும் இட வேண்டும். பல நாடுகளில் பேன்கள் இதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுள்ளன. இரண்டு மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் சோதித்து, பேன் உள்ளோர் அனைவருக்கும் ஒருங்கே நீக்க வேண்டும். தலையணை உறை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்தால் போதுமானது. வீட்டில் பூச்சிக்கொல்லி தெளிக்கத் தேவையில்லை.

தவிர்க்க வேண்டியவை

மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும். நுரையீரலுள் சென்றால் உயிருக்கே தீங்காகும். சீத்தாப்பழ விதைத்தூள் கண்ணில் பட்டால் கருவிழியைக் கடுமையாகப் புண்படுத்தும். கற்பூரத்தை விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு ஏற்படலாம். பயிர்களுக்குரிய பூச்சிக்கொல்லிகளைத் தலையில் தடவுதல் கூடாது.

பள்ளியும் குழந்தையும்

தலைப்பேன் பொதுவாக வேறு நோய்களைப் பரப்புவதில்லை. எனவே பேன் இருப்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கத் தேவையில்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கின்றது. பலர் முன்னிலையில் சோதிப்பதும் மொட்டையடிப்பதும் குழந்தையின் மனத்தைப் புண்படுத்தக் கூடும். மொட்டையடித்தல் கட்டாயமும் அன்று.

வரலாறும் வழக்கும்

எகிப்திய மம்மிகளின் முடியில் ஈர்கள் கண்டறியப்பட்டுள்ளன. இசுரேலின் லாகீசு தொல்லியல் களத்தில் 2016இல் கிடைத்த தந்தச் சீப்பில், பேனை ஒழிக்க வேண்டும் பழங்கானானிய எழுத்துகள் இருப்பது 2022இல் வெளியிடப்பட்டது. தமிழில் சிறியதொன்றை மிகைப்படுத்துவதை "ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல்" என்பர்.