பத்லி: ஆலை வாசலில் காத்திருந்தவர்கள்

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வரலாற்றைக் கூலிப் போராட்டங்களின் வரலாறாக மட்டுமே வாசிப்பது பழக்கமாகிவிட்டது. தொழிலாளர் எதனை மதித்தனர் என்ற வினாவுக்கு அவ்வாசிப்பு பாதி விடையையே தரும். மீதி விடை 'பத்லி' என்ற சொல்லில் உள்ளது.

மாற்று எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழி வந்தது அது; தமிழின் 'பதில்', 'பதிலி' ஆகியனவும் அவ்வேரினவே. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவரது தறியில் நிற்பவர் பத்லி. காலையில் ஆலை வாசலில் காத்திருப்பார். இடமிருந்தால் வேலை, இல்லையேல் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். யாரை உள்ளே விடுவது என்பது ஜாபர் எனப்பட்ட மேஸ்திரியின் கையில் இருந்தது. அவ்வதிகாரம் கையூட்டுக்கு வழியானதை 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் பதிவு செய்தது. 1935இல் ஆலை முதலாளிகள் சங்கம் பத்லி அட்டை முறையைக் கொண்டுவந்தது. மாதத்தின் முதல் நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு அட்டை; தற்காலிக இடங்கள் அவர்களுக்கே. காத்திருப்பு ஒழியவில்லை, அதற்கொரு வரிசை கிடைத்தது.

உறுத்தலான உண்மை ஒன்றுண்டு. கொங்கணத்திலிருந்து வந்த நிரந்தரத் தொழிலாளி வேளாண்மைக்கும் திருமணத்துக்கும் ஊர் சென்று திரும்ப முடிந்ததற்கு, வாசலில் ஒரு பத்லி நின்றதும் காரணம்.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் இப்பிளவை ஆழப்படுத்தின என்றே சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள், லே-ஆஃப் நாள்களுக்கு அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை இழப்பீடாக்கின. பத்லியை வெளிப்படையாகவே விலக்கின. ஓராண்டுத் தொடர்பணி முடித்தவரைப் பத்லியாகக் கருதலாகாது என்ற விளக்கமும் அங்கேயே உண்டு. அதற்குப் 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் அந்த 240 நாளை அளிப்பதும் மறுப்பதும் ஆலையின் விருப்பம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ ஐந்தாண்டுத் தொடர்பணி கேட்டது.

1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஊதிய உயர்வுடன் பத்லிகளை நிரந்தரமாக்கும் கோரிக்கையும் எழுந்தது. இக்கோரிக்கை உரிய அளவு பேசப்படாதது வரலாற்றெழுத்தின் குறை. ஊதிய உயர்வு வேலை கிடைத்த நாளுக்கே பயன்படும். லே-ஆஃப் இழப்பீடு, பணிக்கொடை ஆகியவற்றை எட்ட முதலில் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். அவ்வேலைநிறுத்தம் முறைப்படி விலக்கிக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் பல மூடப்பட்டன, பத்லிகள் நிரந்தரமாகவில்லை.